நான்கு துறை மாணவர்களுக்கு ஒரே வார்டில் கூட்டு வகுப்பு: கடலூர், புதுச்சேரிப் பகுதி இளம் ஆசிரியர்களுக்கான வழிகாட்டி

மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றைப் பயிலும் மாணவர்களை ஒரே நோயாளியைச் சுற்றி அமர்த்திச் சேர்ந்து கற்கச் செய்ய வேண்டும் என்ற ஆர்வத்தோடு பணியில் சேரும் இளம் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அவர்களில் பலர் முதல் முயற்சியிலேயே சோர்ந்து விடுவதற்குப் பாடம் காரணமாக இருப்பதில்லை; கால அட்டவணையும் கையெழுத்துகளுமே காரணம். செவிலியக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் நான், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இத்தகைய வகுப்புகளை நடத்த அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

1. எது கூட்டு வகுப்பு என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட செயல்திட்ட ஆவணம் இதற்கு எளிய அளவுகோல் ஒன்றைத் தருகிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவர் சேர்ந்தும் கற்க வேண்டும் என்கிறது அது. நான்கு கல்லூரி மாணவர்களை ஒரே அரங்கில் உட்கார வைத்துப் பேராசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் உரையாற்றினால் இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்காது. அதற்கு வருகைப் பதிவேடு மட்டுமே மிஞ்சும். உங்கள் திட்டத்தில் ஒரு துறை மாணவரை நீக்கிவிட்டாலும் வகுப்பு மாற்றமின்றி நடக்கும் என்றால், அந்தத் திட்டத்தைத் திருத்தி எழுதுங்கள்.

அனுமதி கேட்கும்போது எந்த விதியைச் சுட்டுவது என்ற கேள்வி உடனே வரும். மருத்துவ மாணவர்களைப் பொறுத்தவரை அது எளிது. 2019ஆம் ஆண்டு சேர்ந்தவர்களிடமிருந்து நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான பாடத்திட்டம், இந்திய மருத்துவப் பட்டதாரிக்கு வகுத்துள்ள ஐந்து பொறுப்புகளில் ஒன்றாக 'சுகாதாரக் குழுவின் தலைவரும் உறுப்பினரும்' என்பதைச் சொல்கிறது. மனப்பாங்கு, நெறிமுறை, தொடர்பாடலுக்காக அதில் உள்ள 'ஏட்காம்' என்ற பகுதிக்குத் தனியே மணிநேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வகுப்பை அந்த மணிநேரத்துக்குள் வைத்துக் காட்டினால், 'பாடம் எப்போது முடிப்பது' என்ற மறுப்பு எழாது. மருந்தியலில் பார்ம்.டி. பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வார்டு ரவுண்ட்ஸ் ஏற்கெனவே படிப்பின் பகுதி என்பதால் அவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை. செவிலியம், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றில் அவரவர் வார்டு போஸ்டிங் நேரத்திலேயே இதைப் பொருத்திவிடலாம்.

2. எந்தக் கல்லூரிகளோடு சேர்வது

ஒரே வளாகத்தில் எல்லாத் துறைகளும் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். ஜிப்மரிலும், பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி உள்ள வளாகத்திலும் மருத்துவமும் செவிலியமும் துணை மருத்துவப் படிப்புகளும் அருகருகே இருப்பதால், அங்கே பணிபுரிபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே தலைமையிடம் கேட்டால் போதும். மற்ற இடங்களில் நிலைமை வேறு. புதுச்சேரி அரசின் கீழ் கதிர்காமத்தில் மருத்துவக் கல்லூரி இருக்க, செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் ஆகியவை அன்னை தெரசா பட்டமேற்படிப்பு நிறுவனத்தில் இருக்கின்றன. இரண்டும் அரசு நிறுவனங்களே என்றாலும் கோப்பு இரண்டு முதல்வர்களின் மேசைக்கும் போக வேண்டும்.

மாநில எல்லையைத் தாண்டிச் சேர்வதை முதல் ஆண்டில் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து. கன்னியக்கோயில் வழியாகப் பேருந்தில் முக்கால் மணி நேரப் பயணம்தான் என்று தோன்றும். ஆனால் பல்கலைக்கழகம் வேறு, தேர்வுக்காலம் வேறு, விடுமுறை வேறு. அதோடு கல்லூரிப் பேருந்துக்கு அடுத்த மாநிலத்தில் நுழைய அனுமதிச்சீட்டு இருக்கிறதா என்பதையும் போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டியிருக்கும்.

3. தேதியும் நேரமும்

அதிக நேரத்தை நீங்கள் செலவிட வேண்டியது இங்கேதான். வகுப்பு நடக்கும் நாளுக்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே நான்கு கல்லூரிகளின் கால அட்டவணைகளையும் கையில் வாங்கிவிடுங்கள். தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்வது போதாது. அச்சிட்ட அட்டவணையில் இருப்பது ஒன்றாகவும் நடப்பது வேறொன்றாகவும் இருக்கும் என்பதால், அட்டவணையை வாங்கிய பிறகு வகுப்பு ஒருங்கிணைப்பாளரிடமும் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

நான்கையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தால், பொதுவாகக் காலியாக இருப்பது வாரத்தில் ஒரே ஒரு பிற்பகலாக இருக்கலாம். சில பருவங்களில் அதுவும் இருக்காது. காலை நேரத்தை நாடாதீர்கள். ரவுண்ட்ஸ், டிரஸ்ஸிங், ஆய்வகத்துக்கு ரத்தம் எடுப்பது ஆகிய மூன்றும் முடியும்வரை வார்டில் எட்டுப் பேர் கூடுதலாக நிற்க இடமும் இருக்காது, யாருக்கும் பொறுமையும் இருக்காது. செவிலியர்களின் ஷிப்ட் மாறும் நேரத்தையும் தவிருங்கள். பொறுப்பை ஒப்படைக்கும் அந்த அரை மணி நேரத்தில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் எதைக் கேட்டாலும் 'அப்புறம் பார்க்கலாம்' என்ற பதிலே வரும்; அது நியாயமும்கூட. இரண்டரை மணி முதல் நான்கரை மணிவரை, பார்வையாளர் நேரம் தொடங்கும் முன், என்பதே எனக்குத் தெரிந்தவரை மிகப் பொருத்தமான நேரம்.

நாட்காட்டியில் சில நாட்களை முதலிலேயே அடித்துவிடுங்கள். ஆகஸ்ட் 16, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் புதுச்சேரியில் அரசு விடுமுறை, கடலூரில் வேலைநாள். மாசிமகத்தன்று கடல் தீர்த்தவாரி நடக்கும் புதுச்சேரி வைத்திக்குப்பம் போகும் சாலையில் எதுவும் நகராது. ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிக் கடலூர் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் பாதிவரை வடகிழக்குப் பருவமழை என்பதால், புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின இரவில்தான் விடுமுறை தெரியும். சேர்ந்து திட்டமிட்ட நான்கு கல்லூரிகளில் ஒன்று மட்டும் மூடினாலும் உங்கள் வகுப்பு போய்விடும். பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும் ஓரளவு பாதுகாப்பானவை. அப்போதும் உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தேதியை மட்டும் குறித்துக் கோப்பு அனுப்பாதீர்கள். மாற்றுத் தேதி ஒன்றையும் அதே கடிதத்தில் எழுதினால், முதல் தேதி தவறினாலும் மறுபடியும் கையெழுத்துக்கு ஓட வேண்டாம்.

4. தயார் செய்ய வேண்டிய தாள்கள்

முதலில் ஒரே பக்கத்தில் ஒரு திட்டக் குறிப்பு எழுதுங்கள். நோக்கம், பங்கேற்கும் துறைகள், எந்த ஆண்டு மாணவர்கள், எத்தனை பேர், எந்த வார்டு, எத்தனை மணி நேரம், பொறுப்பாசிரியர்கள், செலவு ஆகியவை அதில் இருந்தால் போதும். பத்துப் பக்கக் குறிப்பை யாரும் படிப்பதில்லை. படிக்காத கோப்பு 'பேசவும்' என்ற குறிப்போடு திரும்பி வரும்.

அதன்பின் உங்கள் துறைத்தலைவர் வழியாகக் கல்லூரி முதல்வருக்கு விண்ணப்பம் போக வேண்டும். முதல்வரின் அனுமதி கிடைத்ததும் வார்டைப் பயன்படுத்த எல்லாம் தயார் என்று எண்ணிவிடுவது பலரும் விழும் குழி. கல்லூரிக்கு முதல்வர், மருத்துவமனைக்கு மருத்துவக் கண்காணிப்பாளர். வார்டுக்குள் நுழையக் கண்காணிப்பாளரின் ஒப்புதல் தனியாக வேண்டும். அதன் நகல் நர்சிங் கண்காணிப்பாளருக்கும் அந்த வார்டின் பிரிவுத் தலைவருக்கும் போக வேண்டும். நர்சிங் கண்காணிப்பாளருக்கு நகல் அனுப்பாததால், எல்லா அனுமதியும் கையில் இருந்தும் வார்டு வாசலில் மாணவர்கள் காத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

வெளிக் கல்லூரி மாணவர்கள் வந்தால், அவர்களுடைய முதல்வரிடமிருந்து ஒப்புதல் கடிதம், மாணவர் பெயர்ப்பட்டியல், உடன்வரும் ஆசிரியரின் பெயர், ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போட்டதற்கான சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். மாணவருக்கு ஊசி குத்திவிட்டால் முதலுதவியும் தொடர் சிகிச்சையும் யார் பொறுப்பு என்பதை ஒரே வரியில் கடிதத்திலேயே எழுதி வாங்குவது மிக முக்கியம். வகுப்பில் ஊசி யாரும் தொடப்போவதில்லை என்றாலும் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் வார்டு வார்டுதான்.

நோயாளியின் ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். இத்தனை மாணவர்கள் வருவார்கள், இன்ன கேள்விகள் கேட்பார்கள், வேண்டாம் என்றால் எந்த நேரத்திலும் நிறுத்திவிடலாம், அதனால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது என்பவற்றை எளிய வாக்கியங்களில் எழுதுங்கள். படம் எடுப்பதாக இருந்தால் அதற்குத் தனிக் கையெழுத்து வேண்டும். என்னைக் கேட்டால், படமே எடுக்காதீர்கள்.

கோப்பு எல்லா மேசைகளையும் சுற்றிவர மூன்று வாரங்கள் முதல் ஐந்து வாரங்கள் ஆகும். புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் தொடங்குவது என்று யாரேனும் சொன்னால், ஒரு வகுப்புக்குக் கடிதமே போதும் எனப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். ஒப்பந்தம் சட்டப் பிரிவுக்குப் போனால் அந்தக் கல்வியாண்டு போய்விடும்.

5. நோயாளியைத் தேர்ந்தெடுத்தல்

நோய் அரிதாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. நான்கு துறையினருக்கும் உண்மையில் வேலை இருக்கும் நோயாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயால் காலில் புண், பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பும் நிலை, காசநோய்க்கு மருந்து உட்கொண்டு வரும் முதியவர், இடுப்பு எலும்பு முறிவு ஆகியவை நன்றாக அமையும். அறுவை அரங்கில் நடத்த விரும்பினால், உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலையே பாடமாக்கலாம். மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அரங்கைவிட்டு வெளியேறும் முன் என மூன்று கட்டங்களில் 19 இனங்களைக் குழுவாக வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது அது. ஆனால் புதியவர்கள் வார்டில் தொடங்குவதே எளிது.

சர்க்கரைப் புண்ணை நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வகுப்பில், கடலோரக் குப்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மாவின் உள்ளங்காலில் புண். மருத்துவ மாணவர்கள் கேஸ் ஷீட்டைப் புரட்டி, சர்க்கரை அளவு இறங்கவில்லை, இன்சுலின் அளவைக் கூட்ட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். பார்ம்.டி. மாணவி ஒருத்தி, "இன்சுலினை எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். "அடுப்புக்கு மேலே பலகை இருக்குல்ல, அதுலதான்," என்றார் அந்த அம்மா. மேலே தகரக் கூரை. இயன்முறை மருத்துவ மாணவர் பாதத்தில் மெல்லிய இழையை அழுத்திப் பார்த்து, முன்பாதம் முழுவதும் உணர்ச்சியற்று இருப்பதைக் காட்டினார். செருப்பு எங்கே என்று கேட்டதற்கு அந்த அம்மா பதில் சொல்லாமல் சிரித்தார். நாள்தோறும் அவருக்கு டிரஸ்ஸிங் செய்துவந்த செவிலிய மாணவிக்கு அது ஏற்கெனவே தெரியும்: கருவாடு காயப்போடும் மணலில், வெயிலில், வெறுங்காலோடு நிற்பவர் அவர். மருந்து அளவைப் பற்றிய பேச்சு அங்கேயே நின்று, ஈரமணல் வைத்த இரட்டைப் பானையில் இன்சுலினை வைப்பது, உணர்ச்சியற்ற பாதத்துக்கான மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வாங்கித் தருவது, மணல் சுடும் முன் காலையிலேயே வேலையை முடிப்பது என்று திட்டம் மாறியது. இன்சுலின் இருந்த இடம், பாதத்தின் நிலை, வெறுங்கால் என்ற மூன்று செய்திகளும் மூன்று துறையினரிடம் தனித்தனியாகக் கிடந்தன. கேஸ் ஷீட்டில் ஒன்றுகூட இல்லை.

நோயாளியைத் தேர்ந்தெடுத்த பிறகு முந்தின நாள் ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் ஆகிவிடலாம் என்பதால் மாற்றாக இன்னொருவரிடமும் ஒப்புதல் வாங்கி வைத்திருங்கள்.

6. குழு பிரித்தல்

ஒரு குழுவுக்கு எட்டுப் பேர், ஒவ்வொரு துறையிலிருந்தும் இரண்டு பேர். தனியாக ஒருவர் மட்டும் இருந்தால் வாய் திறக்கமாட்டார். மூன்று பேர் இருந்தால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். மருத்துவக் கல்லூரியில் ஒரு வகுப்பில் 150 பேர் இருக்க, பார்ம்.டி. வகுப்பில் 30 பேர்தான் இருப்பார்கள் என்பதால், முழு வகுப்பையும் ஒரே நாளில் முடித்துவிடும் ஆசையை விட்டுவிடுங்கள். போஸ்டிங் தொகுதி வாரியாகச் சுழற்சியில் நடத்துங்கள்.

படிப்பின் நிலை பொருந்த வேண்டும். முதலாண்டு மருத்துவ மாணவரை நான்காம் ஆண்டு செவிலிய மாணவியோடு அமர்த்தினால் இருவருமே சங்கடப்படுவார்கள். எல்லோரும் வார்டைப் பார்த்துப் பழகிய ஆண்டினராக இருப்பதே பொருத்தம்.

வழிநடத்த இரண்டு ஆசிரியர்கள், வெவ்வேறு துறையினர், ஏறத்தாழ ஒத்த பணிமூப்பு உடையவர்கள் வேண்டும். மூத்த பேராசிரியரையும் புதிதாகச் சேர்ந்த நர்சிங் டியூட்டரையும் இணைத்தால், டியூட்டர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிடுவார். மாணவர்கள் அதையே பாடமாக எடுத்துக்கொள்வார்கள். வகுப்பு நேரத்தில் எல்லோரும் பெயரால் அழைக்கட்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாம் ஆண்டிலேயே ஒருவர் 'டாக்டர்' ஆகிவிட, எதிரே இருப்பவர் பெயரில்லாத 'சிஸ்டர்' ஆக இருக்கும் வட்டத்தில் மறுத்துப் பேச யாருக்கும் துணிவு வராது.

7. இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது

முதல் பதினைந்து நிமிடங்களில், 'என் துறையைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு வேலை' என்று ஒவ்வொருவரும் ஒரு செய்தி சொல்லட்டும். இதற்குச் சிரிப்பும் வியப்பும் நிச்சயம். மருந்தாளுநர் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் மட்டுமே என்று இறுதியாண்டுவரை நம்பியிருந்தவர்கள் உண்டு. அடுத்த நாற்பது நிமிடங்கள் நோயாளியோடு. அதன்பின் வார்டை விட்டு வெளியே வந்து, கருத்தரங்க அறையில் வட்டமாக அமர்ந்து, ஒரே தாளில் ஒரே திட்டம் எழுத வேண்டும். துறைக்கு ஒரு தாள் கொடுத்தால் நான்கு திட்டங்கள்தான் கிடைக்கும்.

கடைசி அரை மணி நேரத்தை எஸ்.பி.ஏ.ஆர். முறைக்கு ஒதுக்குங்கள். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகளில் செய்தியைச் சொல்லும் முறை அது. இரவு இரண்டு மணிக்குத் தூங்கி எழுந்த பயிற்சி மருத்துவரிடம் செவிலியர் தொலைபேசியில் சொல்வதாக நடிக்கச் சொல்லுங்கள். "மூன்றாம் வார்டு, 12ஆம் படுக்கை நோயாளிக்குக் கடந்த ஒரு மணி நேரமாக மூச்சு வாங்குகிறது. நேற்று காலில் அறுவை ஆனவர். ஆக்சிஜன் அளவு 88க்கு இறங்கியிருக்கிறது. நுரையீரலில் ஏதோ பிரச்சினை என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லச் செவிலிய மாணவிகள் படும் பாட்டைப் பார்த்தால்தான் இந்தப் பயிற்சியின் தேவை உங்களுக்குத் தெரியும். பெரும்பாலானவர்கள் 'நீங்க கொஞ்சம் பாக்குறீங்களா' என்று முடித்துவிடுவார்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வையுங்கள். அடுத்து, மருத்துவ மாணவரையும் செவிலியர் இடத்தில் நிற்க வையுங்கள்.

அதோடு, வாய்மொழியாகச் சொன்ன மருந்து அளவைக் கேட்டவர் திருப்பிச் சொல்லும் பழக்கத்தையும் சேர்த்துக் கற்பியுங்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் தொலைபேசியில் ஒன்றாகவே கேட்கும். 'ஒன் ஃபைவ்' எனத் திருப்பிச் சொன்னால் குழப்பமில்லை. இன்சுலின் அளவை எழுதும்போது 'யூனிட்' என்பதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் போட்டால், அது பூஜ்யமாகப் படிக்கப்பட்டு 4 என்பது 40 ஆகிவிடக்கூடும் என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

8. செலவு

முப்பத்திரண்டு மாணவர்கள் உள்ள ஒரு வகுப்புக்கு நகலெடுக்க, தேநீரும் சுண்டலும் வழங்க, ஸ்கெட்ச் பேனாவும் விளக்கத்தாள்களும் வாங்க மொத்தம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். பாத உணர்ச்சியைச் சோதிக்கும் 10 கிராம் இழைக்கருவி உங்கள் மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில் இருக்கும், கடன் வாங்குங்கள். பெரிய செலவு பேருந்துதான். வெளிக் கல்லூரியின் சொந்தப் பேருந்து வந்தால் அதுவும் இல்லை. நோயாளிக்குப் பதில் நடிப்பவரை அமர்த்தினால், அவருக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் கொடுப்பது முறை.

பிளெக்ஸ் பலகை, பூங்கொத்து, பொன்னாடை, குத்துவிளக்கு ஆகியவற்றை அன்போடு மறுத்துவிடுங்கள். பணம் போவது ஒருபுறம் இருக்க, தொடக்க விழா வைத்தால் வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை எனப் பாதி நேரம் போய்விடும். மேடையில் யார் யார் அமர்வது என்பதிலேயே நான்கு துறைகளின் ஒற்றுமை சோதிக்கப்பட்டுவிடும். செலவுத் தொகையை முன்பணமாகக் கேட்டு வாங்குங்கள். கைப்பணத்தைப் போட்டுவிட்டுப் பின்னர் பெறலாம் என்றால், தேநீர்க் கடையின் ரசீதில் முத்திரை இல்லை என்று கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும்.

9. ஆய்வாக்க நினைத்தால்

மாணவர்களிடம் முன்னும் பின்னும் வினாத்தாள் கொடுத்துக் கட்டுரையாக்க விரும்பினால், நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி முதல் வினாத்தாள் கொடுக்கப்படும் முன்பே கையில் இருக்க வேண்டும். தரவைச் சேகரித்துவிட்டுப் பின்தேதியில் அனுமதி கேட்பது நடக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் விலக்கு, விரைவு, முழுமை என்று மூன்று வகைப் பரிசீலனை உண்டு. கல்வி முறை பற்றிய எளிய ஆய்வுகளுக்கு விலக்கோ விரைவுப் பரிசீலனையோ கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதைக் குழுதான் முடிவு செய்யும், நீங்கள் அல்ல. குழு கூடும் தேதியை விசாரித்து, அதற்கு முன்னதாகவே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

மாணவர்கள் உங்களிடம் மதிப்பெண் பெறுபவர்கள் என்பதால் அவர்களுடைய ஒப்புதல் கட்டாயத்தால் வந்ததாக இருக்கக்கூடாது என்பதைக் குழு கவனமாகப் பார்க்கும். வினாத்தாளில் பெயர் கேட்காதீர்கள். அதைச் சேகரிக்கும் வேலையை அவர்களுக்குப் பாடம் நடத்தாத ஒருவரிடம் கொடுங்கள். 1999இல் பார்செல், பிளை இருவரும் வெளியிட்ட மாணவர்கள் பிற துறையினரோடு சேர்ந்து கற்க எவ்வளவு தயாராக இருக்கிறார்கள் என்பதை அளக்கும், 19 வினாக்கள் கொண்ட ரிப்பல்ஸ் அளவுகோல் பரவலாகப் பயன்படுவது. தமிழில் ஆக்கிப் பயன்படுத்துவதாக இருந்தால், இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, மூன்றாமவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்க்க வேண்டியிருக்கும். அதற்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

10. வார்டுக்கு வெளியே நடத்த விரும்பினால்

கடலூர் மாவட்டத்தில் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலரும், நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும், இயன்முறை மருத்துவரும் வீடு தேடிப் போகிறார்கள். கூட்டுப் பணியை மாணவர்கள் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. அனுமதிக்கு மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதி, வட்டார மருத்துவ அலுவலரை நேரில் பாருங்கள். புதுச்சேரிப் பக்கம் என்றால் கடிதம் நலவழித்துறை இயக்குநருக்குப் போக வேண்டும். ஒரு வீட்டுக்கு நான்கு மாணவர்களுக்கு மேல் அனுப்பாதீர்கள். தன்னார்வலர் சொல்லும் நேரத்துக்கு நீங்கள் போங்கள், உங்கள் பேருந்து நேரத்துக்கு அவரை நிறுத்தி வைக்காதீர்கள்.

11. முடிந்த ஒரு வாரத்துக்குள்

வருகைப் பட்டியலின் நகலை அந்தந்தக் கல்லூரிக்கு உடனே அனுப்புங்கள். அது தாமதமானால் மாணவர்களுக்கு அந்தப் பிற்பகல் 'வராதவர்' என்று பதிவாகி, அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். இரண்டு பக்க அறிக்கையோடு ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு குழுத் திட்டத்தாளை மாதிரியாக இணையுங்கள். அதில் நோயாளியின் பெயரும் உள்நோயாளி எண்ணும் அழிக்கப்பட்டிருக்க வேண்டும். நோயாளிக்காக மாணவர்கள் எழுதிய பரிந்துரைகளைப் பிரிவு மருத்துவரிடமும் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் நேரில் கொடுத்துவிடுங்கள், அவற்றில் எதை ஏற்பது என்பது அவர்கள் முடிவு. அனுமதிக் கடிதங்கள் அனைத்தின் நகலையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு முதல்வரோ கண்காணிப்பாளரோ மாறியிருப்பார். முன்னவர் கையெழுத்திட்ட தாளை மேலே வைத்துக் கொடுத்தால் புதியவரும் விரைவில் கையெழுத்திடுவார்.